இருபத்தேழில் எட்டுக்காகப் பாதிவழியில் இறங்கியவருக்கு

கோள்களைக் குறுக்கிக் கரும்பலகைக்குள் கொணர்ந்தவரே! நீள்வானத்து நிலவுகளைப் பின்னங்களாக்கி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் உள்ளங்கையில் பங்கிட்டு வைத்தவரே! மூன்று ஊர்களின் லிசேயோ உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பேருந்தில் அலைந்து பாடம் சொன்ன, நில்லாத கால்களும் நிறையாத மனமும் கொண்ட கணக்காசிரியை நிபியா லரோசா அம்மையாரே! யீ ஆற்றங்கரையிலுள்ள எங்கள் லிசேயோவின் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றுகூடி, தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் உள்ளம் நிறைந்த பெருமையோடும் உள்ளூரக் கொஞ்சம் கலக்கத்தோடும் இம்மடலைத் தங்கள் முன் படிக்கிறோம்.

கலக்கம் ஏனென்று சொல்லிவிடுகிறோம். தங்களுக்கென்று மேடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். முதல் பத்தி முடிந்த இந்த நேரத்தில் தாங்கள் அதில்தான் இருக்கிறீர்களா என்பது எங்களுக்கே நிச்சயமில்லை. புகழ்ச்சி என்று ஒன்று காதில் விழுந்தாலே எழுந்து சன்னலோரம் போய்விடுவது தங்கள் வழக்கம். ஆகவே தங்களிடம் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொண்டு, கூடியிருக்கும் பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் சொல்கிறோம். தாங்கள் நடந்துகொண்டே கேட்கலாம்.

சபையோரே! நிபியா அவர்கள் உட்கார்ந்து பாடம் நடத்திப் பார்த்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்னும் கசப்புத் தேநீர்க் குவளை, வாயில் கணக்கு. பெஞ்சுகளுக்கு இடையே அவர் நடக்கும் நடையில் தரைப்பலகை தேய்ந்தது. ஓரிடத்தில் நின்றால் எங்கோ ஏதோ தவறிப்போகிறது என்ற பதைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. இந்த ஊரில் வகுப்பு முடிந்தால் அடுத்த ஊர்ப் பேருந்து. அங்கே முடிந்தால் இன்னோர் ஊர். பேருந்திலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே விடைத்தாள் திருத்துவார் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் என்றாலே கேக்கை வெட்டுவதுதான் அக்காலத்துப் பாடம். நான்கு துண்டில் ஒன்று, எட்டுத் துண்டில் மூன்று. பிள்ளைகளுக்குக் கேக்கின் மேல் ஆசை வந்ததே தவிரப் பின்னத்தின் மேல் வரவில்லை. அந்த நிலையில்தான் நிபியா பக்கத்து வகுப்பிலிருந்த வானியல் ஆசிரியர் அதெமாரின் கோள் படங்களின் மேல் கண் வைத்தார்.

"என்ன நிபியா, சுவத்துல இருந்த என் சனிக் கிரகத்தைக் காணோம்?" என்று அதெமார் வாசலில் வந்து நிற்பார்.

"சனி என்ன உன் பாட்டன் சொத்தா? மணி அடிச்சதும் தந்துடறேன்."

"போன வாரம் வியாழனை எடுத்துட்டுப் போய் மாத்தேக் கறையோட குடுத்தே. வியாழன்ல இருக்கற சிவப்புப் புள்ளி எது, நீ சிந்தினது எதுன்னு பசங்க கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

இப்படித் திருடிய நிலவுகளால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பின்னம் கற்றார்கள். சனியின் நிலவான டைட்டன் பெரிதா, நம் நிலா பெரிதா என்று கேட்டு வகுப்பை இரண்டாகப் பிளந்துவிடுவார் நிபியா. கிலோமீட்டரில் டைட்டன் பெரிது. ஆனால் டைட்டனைச் சனியின் பக்கத்தில் வைத்தால் அகலத்தில் ஏறக்குறைய இருபத்துமூன்றில் ஒரு பங்குதான். நம் நிலாவோ பூமியின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இருபத்துமூன்று பெரிய எண், ஆகவே அதுதான் பெரிய பங்கு என்று ஒரு கூட்டம் கத்தும். இன்னொரு கூட்டம் பெஞ்சின் மேல் ஏறி மறுக்கும். நடந்துகொண்டே நிபியா ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்: "எதோட பங்கு? சொல்லிட்டுச் சண்டை போடுங்க. எதோட பங்கு?"

ஒருநாள் ஆற்றங்கரைக் களிமண்ணை வாளியில் அள்ளிவந்து, வியாழனின் கானிமீடையும் நம் நிலாவையும் அளவு பார்த்து உருட்டச் சொன்னார். மூன்று விரல் அகலத்தில் கானிமீட், இரண்டு விரல் அகலத்தில் நிலா. தரையெல்லாம் சேறு. கடைசிப் பெஞ்சில் யமிலா தெச்சேரா என்றொரு பெண். கேட்டால் மட்டும் வாய் திறப்பாள், அதுவும் பாதி. அன்று எல்லோரும் கை கழுவிப் போன பிறகும் அவள் இரண்டு உருண்டைகளையும் இரு கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிபியாவுக்கு அடுத்த ஊர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "கையக் கழுவுடி, மணியாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஆண்டு முடிவில் யமிலா கணக்கில் தேறவில்லை. பிப்ரவரியில் மறுதேர்வு. நிபியாவும் அதெமாரும் எங்கள் அந்நாளைய தலைமையாசிரியரும் கணக்காசிரியருமான ஓல்கா மியேரெஸ் அம்மையாரும் தேர்வுக் குழு. காலையிலிருந்து மழை, யீ ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கேள்வித்தாள் நிபியா எழுதியது. கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: நம் நிலாவின் விட்டம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், கானிமீடின் விட்டம் ஐயாயிரத்து இருநூற்றைம்பது என்று கொள்க, நம் நிலா கானிமீடில் எத்தனை பங்கு? மூன்றில் இரண்டு என்பது விடை. யமிலா இருபத்தேழில் எட்டு என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஏதோ கிறுக்கல். நிபியா கடிகாரத்தைப் பார்த்தார், சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டார், அடுத்த தாளுக்குப் போனார். அந்த ஒரு கணக்கில் யமிலா தோற்றாள்.

முடிவைக் கதவில் ஒட்டியபோது அவளுடைய தாய் ஷிர்லி, தலையில் முக்காடாக ஒரு நெகிழித்தாளோடு வந்து நின்று பார்த்தாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை.

"சரி டீச்சர், அவளுக்குப் படிப்பு ஏறலைன்னு தெரிஞ்சுபோச்சு. மான்டிவிடியோல என் தங்கச்சிக்குக் கைக்குழந்தை, பார்த்துக்க ஆள் இல்லாம தவிக்கறா. இன்னிக்குச் சாயங்கால வண்டிக்கே இவளை அனுப்பிடறேன்."

"அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமே ஷிர்லி?"

"எழுதி? இந்த வருஷம் தெரியாதது அடுத்த வருஷம் தெரியுமா?"

யமிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிபியா அவள் தோளைத் தொட்டார். பேருந்து ஒலி எழுப்பியது. ஓடிப்போய் ஏறினார்.

ஊரைத் தாண்டியும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. தவறான விடைக்கென்று ஒரு முகம் உண்டு என்பது கணக்காசிரியர்களுக்குத் தெரியும். தலைகீழாகப் போட்டிருந்தால் இரண்டில் மூன்று வரும். கழித்துத் தொலைத்திருந்தால் ஏதோ ஓர் ஆயிரம் வரும். குத்துமதிப்பாக எழுதியிருந்தால் பாதி என்று வரும். இருபத்தேழில் எட்டு எங்கிருந்து வரும்? குருட்டுத்தனமாக எழுதும் பிள்ளை இருபத்தேழைத் தேடிப் பிடிக்குமா? மேய்ச்சல் நிலமும் ஆடுகளும் மழைக்குள் பின்னால் ஓடின. நிபியா ஆவி படிந்த சன்னல் கண்ணாடியில் விரலால் கட்டம் போட்டார். பக்கத்துக்கு மூன்றாக ஒரு பெட்டி. அதன் மூலையில் பக்கத்துக்கு இரண்டாக ஒரு குட்டிப் பெட்டி. தாளின் ஓரத்தில் இருந்தது இதுதான். கிறுக்கல் இல்லை. நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, உயரத்தில் மூன்று, மொத்தம் இருபத்தேழு. நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு, மொத்தம் எட்டு. அவள் விட்டத்தை ஒப்பிடவில்லை. முழு உருண்டையையும் ஒப்பிட்டிருக்கிறாள்.

கேள்வியில் விட்டத்தின் பங்கு என்று எழுதியிருந்தோமா? அவர் மனத்துக்குள் கேள்வித்தாளை வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். இல்லை. ஆண்டு முழுக்க எதோட பங்கு எதோட பங்கு என்று பிள்ளைகளின் உயிரை வாங்கியவர், தேர்வில் அதை எழுத மறந்திருந்தார். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஓட்டுநர் பக்கமாக நடந்தார்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இங்கயா? இங்க இறங்கினா ஆடுதான் டீச்சர் இருக்கு."

"நிறுத்துங்கண்ணே. ஒரு பொண்ணுக்குத் தப்புப் போட்டுட்டு வந்துட்டேன். அவ சரியா எழுதியிருக்கா."

"அதுக்கு இந்த மழையிலயா? நாளைக்குப் போய் அழிச்சுட்டு எழுதுங்க."

"நாளைக்கு அவ ஊர்ல இருக்க மாட்டா."

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். இறங்கியபோது ஒரு பயணி தன் மழைக்கோட்டைச் சன்னல் வழியாக வீசினார். நிபியா வந்த வழியே நடந்தார். ஓடை குறுக்கிடும் இடத்தில் தண்ணீர் சாலையை மூடிக்கொண்டிருந்தது. இன்னும் சற்றுப் பொழுதானால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நல்லவேளையாகக் கம்பளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஈரக் கம்பளியின் நாற்றத்துக்கு நடுவே உட்கார இடமின்றி, நின்றபடியே ஊர் திரும்பினார்.

ஆசிரியர் அறையில் ஓல்காவும் அதெமாரும் மழைக்கென்று பொரித்த தோர்த்தா அப்பங்களைச் சர்க்கரை தூவித் தின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட நுழைந்தவரைப் பார்த்து அதெமாரின் வாய் பாதியில் நின்றது.

"பஸ் ஆத்துல விழுந்துடுச்சா?"

"யமிலாவோட தாளை எடுங்க. அவ சரி. நாம தப்பு."

ஓல்கா கண்டிப்பானவர், விதியை விட்டு விலகாதவர். "நிபியா, மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. விடை மூணுல ரெண்டு. அவ எழுதினது அது இல்ல."

"எதுல மூணுல ரெண்டு?"

"அகலத்துல."

"அகலம்னு கேள்வியில இருக்கா ஓல்கா? படிச்சுப் பாருங்க. எத்தனை பங்குன்னு மொட்டையா கேட்டிருக்கேன். அவ உருண்டையோட கன அளவைப் பார்த்திருக்கா. உள்ள எவ்வளவு மண்ணு பிடிக்கும்னு பார்த்திருக்கா."

அதெமார் விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா நான் ஒண்ணு சொல்லட்டுமா? நிலா எத்தனை பங்குன்னு வானியல்காரன் கிட்டக் கேட்டா அவனுக்கு எடைதான் ஞாபகம் வரும். கானிமீட்ல பாதிக்குப் பாதி பனிக்கட்டி. நம்ம நிலா கல்லு. எடை போட்டா நம்ம நிலா அதுல பாதி வரும்."

"காலையில ஏன் சொல்லல?"

"காலையில நீங்க ரெண்டு பேரும் கணக்கு டீச்சருங்க, நான் ஒப்புக்குச் சப்பாணி. என்னை யாரு கேட்டீங்க?"

ஓல்கா கேள்வித்தாளை எடுத்து மறுபடி படித்தார். தேர்வுக் குழுவில் மூன்று பேர். ஒரு கேள்விக்கு மூன்று விடை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "ஊகத்துக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன் நிபியா. அவளா யோசிச்சாளா, அதிர்ஷ்டமான்னு தெரியணும். வாய்மொழித் தேர்வு வைக்க விதியில இடம் இருக்கு. இன்னிக்குக் குழு கலையறதுக்குள்ள கூட்டிட்டு வா. வரலைன்னா முடிவு முடிவுதான்."

அதெமார் கார்ச் சாவியை வீசினார். "பிரேக்கை நம்பாதே. வேண்டிக்கோ."

ஷிர்லியின் வீட்டு வாசலிலேயே பெட்டி கட்டித் தயாராக இருந்தது. யமிலா வெளியூர் போகும் உடையில், ஈரத் தலையை வாரிக்கொண்டு நின்றாள். நிபியா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் ஷிர்லியின் முகம் சிவந்தது.

"காலையில பெயிலுன்னீங்க. இப்ப பாஸுங்கறீங்க. நீங்க இஷ்டத்துக்கு மாத்தி மாத்திச் சொல்ல நாங்க என்ன பொம்மையா? என் தங்கச்சிக்கு வார்த்தை குடுத்துட்டேன்."

"பாஸுன்னு சொல்லல ஷிர்லி. கேக்கணும்னு சொல்றேன். காலையில கேக்காம விட்டுட்டேன்."

"நான் வரல டீச்சர்." இப்படிச் சொன்னவள் யமிலா. சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எழுதும்போது சரின்னுதான் நினைச்சேன். நீங்க குறுக்குக்கோடு போட்டதும் தப்புதான் போலிருக்குன்னு விட்டுட்டேன். இப்ப வந்து நின்னா எனக்கு எதுவும் ஞாபகம் வராது."

நிபியா பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் குறுக்குக்கோடு போட்டவர். ஒரு கோடு எவ்வளவு ஆழம் போகும் என்று அந்த வாசலில்தான் பார்த்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"யமிலா, தப்பு போட்டது நான். அவசரத்துல போட்டேன். பஸ்ல போகும்போதுதான் உன் கட்டத்தைப் பார்த்தேன், கண்ணாடியில. எனக்குப் புரிஞ்சுது. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் நான் எடுத்துச் சொன்னா அது என் விடை. உன் விடையை நீதான் சொல்லணும்."

யமிலா சீப்பைக் கீழே வைத்தாள். ஷிர்லி பெருமூச்சு விட்டாள். "எந்திரிங்க டீச்சர், பெட்டி உடைஞ்சுடும். போய்ச் சொல்லிட்டு வாடி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

வகுப்பறையில் ஓல்கா முதலில் செய்தது நிபியாவை வெளியேற்றியதுதான். "கேள்வி நாங்க கேக்கறோம். நீ இப்படி நடந்துட்டே இருந்தா பொண்ணு எப்படி யோசிக்கும்? வெளிய நில்லு."

தாழ்வாரத்தில் நிபியா இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடந்தார். தகரக் கூரையில் மழை கொட்டியதில் உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தார்: யமிலா கரும்பலகை முன்னால் சுண்ணக்கட்டியோடு நிற்கிறாள், எழுதவில்லை. திரும்ப நடந்தார். திரும்ப வந்து பார்த்தார்: இன்னும் எழுதவில்லை. முற்றத்தில் ஷிர்லி பெட்டியோடு ஒரு மரத்தடியில் நின்று பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது சரிதான் என்று நிபியாவுக்குத் தோன்றியது. ஒரு குடும்பத்தின் முடிவை ஒருநாளில் இருமுறை புரட்ட நாம் யார்? போய் நிறுத்திவிடலாமா என்று கதவில் கை வைத்தபோது மழை சற்று ஓய்ந்தது. உள்ளேயிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"பங்குன்னா எதோட பங்கு டீச்சர்? அகலம்னா மூணுல ரெண்டு. அதுவும் எனக்குத் தெரியும். ஆனா நிலா அகலம் மட்டும் இல்லையே. மண்ணுல உருட்டினப்போ நிலாவுக்கு ரொம்பக் கம்மியா மண்ணு போச்சு. மூணுல ரெண்டுன்னா அவ்வளவு கம்மி ஆகக்கூடாதுன்னு பட்டுது. அப்புறம் பெட்டியா நினைச்சுப் பார்த்தேன்."

சுண்ணக்கட்டி பலகையில் கீச்சிட்டது. கோடு மேல் கோடு விழும் ஓசை.

"உருண்டையும் பெட்டியும் ஒண்ணா?" என்றது ஓல்காவின் குரல்.

"ஒண்ணு இல்ல. ஆனா ரெண்டு உருண்டையும் ஒரே மாதிரி உருண்டை. ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி பெட்டி. பங்கு மாறாது." சற்று நின்றாள். "குறுக்கால வெட்டி அந்த வட்டத்தைப் பார்த்தா ஒன்பதுல நாலு வரும். அது வேணுமா?"

யாரும் கேட்காத நான்காவது விடை அது. அதெமார் சிரித்த சிரிப்பு தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. ஓல்கா சிரிக்கவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திறந்த ஓசை மட்டும் நிபியாவுக்குக் கேட்டது.

யமிலா தேறினாள். சாயங்கால வண்டி அவள் இல்லாமல் போயிற்று. ஷிர்லிக்கு மகிழ்ச்சியா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. "என் தங்கச்சிக்கு இப்ப நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்க" என்று லிசேயோவின் தொலைபேசியை நிபியாவின் கையில் திணித்தாள். முன்பின் பார்த்திராத அந்தத் தங்கையிடம், கம்பி நீண்ட மட்டும் நடந்து நடந்து நிபியா பேசினார். கைக்குழந்தையின் பல் முளைப்பு வரைக்கும் கேட்டறிந்து, கடைசியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தங்கையின் தெருவிலேயே ஒரு பாட்டியம்மாளைப் பேசிமுடித்துக் கொடுத்த பிறகுதான் தொலைபேசியை வைத்தார்.

சபையோரே, அந்தப் பெண் வானியல் அறிஞராகவில்லை. லிசேயோவை ஒழுங்காகப் படித்து முடித்தாள். இன்று கம்பளி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவை நடத்துகிறாள். இந்த ஆண்டு அவளுடைய மகன் எங்கள் முதலாண்டு வகுப்பில் இருக்கிறான். அவனுக்குப் பின்னம் என்றால் வேப்பங்காய். நிபியா அவர்கள் போன வாரம்கூட அவனை மதிய இடைவேளையில் நிறுத்திவைத்து நெப்டியூனின் நிலவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யார் வென்றார்கள் என்று இதுவரை தெரியவில்லை.

அம்மையீர்! இனி மீண்டும் தங்களிடமே பேசுகிறோம். அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு எங்கள் தேர்வுக் குழுவில் ஒரு வழக்கம் புகுந்தது. எந்த விதியிலும் அது எழுதப்படவில்லை. தவறு என்று தோன்றும் விடைக்குக் கோடு போடுமுன், எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் அது தவறாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறோம். இதனால் எங்கள் தேர்வுகள் நீண்டுவிட்டன, எங்கள் பேருந்துகள் தவறிப்போகின்றன, வீட்டில் வசவு வாங்குகிறோம். அத்தனைக்கும் தாங்களே பொறுப்பு!

அறிவின் ஆழமே, அன்பின் அகலமே! தங்களுக்கு நெடிய ஆயுளும் நோயற்ற உடலும் நித்தம் புதிதாய் ஒரு கேள்வியும் வாய்க்க வாழ்த்துகிறோம். அமைதி வாய்க்க வாழ்த்தவில்லை. அது தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. மார்ச்சில் புது முதலாண்டு வரும். தங்கள் இடத்துக்கு யாரை அனுப்பப்போகிறார்கள் என்று எங்களுக்கு இன்னும் தகவல் இல்லை. தொடக்கத்தில் சொன்ன கலக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். யார் வந்தாலும், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் எங்கள் கை ஒரு கணம் தயங்கும் என்பதை மட்டும் இந்தச் சபையறியச் சொல்கிறோம்.

என்றும் தங்கள் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்னால் ஓடிவரும்,
யீ ஆற்றங்கரை லிசேயோவின்
ஆசிரியர்கள், அலுவலர்கள்;
அவர்களோடு, ஓய்வு பெற்றும் இந்த மடலில் கையெழுத்திட வந்திருக்கும் ஓல்கா மியேரெஸ், அதெமார்